முசோலினி தலையில் ஈட்டி, சாயத்துக்குச் சிறுநீர்: ஆட்டு ரோமத்தில் அரசியல் நெய்த ஹன்னா ரிகென் யார்?

1937, பாரிஸ் உலகக் கண்காட்சி. ஸ்பெயின் அரங்கில் பிக்காசோவின் 'குவெர்னிகா' மாட்டப்பட்டிருந்தது. போருக்கு எதிரான ஓவியம் என்றதும் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அதே கண்காட்சியில், நார்வே அரங்கில், போருக்கு எதிரான இன்னொரு படைப்பும் இருந்தது. அது தூரிகையால் வரைந்தது இல்லை. கம்பளி நூலால் தறியில் நெய்தது. பெயர் 'எத்தியோப்பியா'.

ஆனால், அந்தப் படைப்பின் ஒரு பகுதியை மட்டும் யாரும் பார்க்க முடியவில்லை. கண்காட்சி நடத்தியவர்கள் அதை மறைத்துவிட்டார்கள். காரணம், அந்த இடத்தில் ஓர் எத்தியோப்பிய வீரரின் ஈட்டி இத்தாலி சர்வாதிகாரி முசோலினியின் தலையைக் குத்திக்கொண்டு நிற்கிறது. இத்தாலி கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம்.

பிக்காசோ உலகம் அறிந்த பெயர். 'எத்தியோப்பியா'வை நெய்தவர், நார்வே கடலோரத்தில் மின்சாரம்கூட இல்லாத ஒரு சின்னப் பண்ணையில் வாழ்ந்த பெண். ஆடு வளர்த்து, ரோமம் நூற்று, செடி கொடிகளில் சாயம் காய்ச்சி, அதை வைத்து ஹிட்லரையும் முசோலினியையும் நெய்தவர். பெயர் ஹன்னா ரிகென்.

அவர் யார்? ஏன் கம்பளியைத் தேர்ந்தெடுத்தார்? 2011-ல் ஆஸ்லோவில் வெடித்த குண்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு நிமிடத்தில் ஹன்னா

• பிறப்பு: 1894, மால்மோ, ஸ்வீடன். இறப்பு: 1970, நார்வே.
• முதல் வேலை: பள்ளி ஆசிரியர். கூடவே ஓவியப் பயிற்சி.
• 1924 முதல் வாழ்ந்த இடம்: நார்வேயின் ஓர்லாந்து பகுதி.
• நெய்தவை: சுமார் 100 டேபஸ்ட்ரிகள்.
• பொருள்கள்: கம்பளி, லினன், இயற்கைச் சாயம்.
• பேசியவை: கடன், பாசிசம், போர், தாய்மை, அணுகுண்டு, வியட்நாம்.

டீச்சர் எப்படி நெசவாளர் ஆனார்?

ஹன்னா நார்வேக்காரர் இல்லை. தெற்கு ஸ்வீடனில், மால்மோ நகரத்தில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே, ஓவியர் ஃப்ரெட்ரிக் கிரெப்ஸிடம் ஆறு வருடம் ஓவியம் கற்றார். பகலில் வேலை, மாலையில் கிளாஸ். இன்று ஆபீஸ் முடிந்து ஏதாவது கோர்ஸ் போகிறவர்களுக்கு இந்த வாழ்க்கை நன்றாகவே புரியும்.

1922-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் போனபோது, ஹான்ஸ் ரிகென் என்ற நார்வே ஓவியரைச் சந்தித்தார். அடுத்த வருடமே கல்யாணம். 1924-ல் மகள் மோனா பிறந்தாள். அதே வருடம் குடும்பம் ஹான்ஸின் சொந்த ஊர்ப் பக்கமான ஓர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. டிரொன்ட்ஹைம் நகரத்தின் மேற்கே, ஃபியோர்டு கடலில் கலக்கும் இடத்தில், காற்று ஓயாமல் அடிக்கும் தட்டையான நிலம் அது.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சிறிய பண்ணை. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. ஆடு, மாடு, கொஞ்சம் விவசாயம். தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே உற்பத்தி செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் இருவரின் கொள்கை. வறுமை வேறு, அதனால் கொள்கை பாதி, கட்டாயம் பாதி.

இந்தச் சூழலில்தான் ஹன்னா தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தார். தறியைச் செய்து கொடுத்தவர் ஹான்ஸ். படநெசவை ஹன்னா தானாகவே கற்றுக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நார்வேயின் பாரம்பரியம் அவருக்குப் பிறப்பால் வந்தது இல்லை. முப்பது வயதில் வேற்று நாட்டில் குடியேறி, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

நார்வேயில் படநெசவுக்கு எத்தனை வயது?

ரொம்பப் பழைய கதை. 1904-ல் ஓசெபெர்க் என்ற இடத்தில் வைக்கிங் காலத்துக் கப்பல் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. 834-ம் ஆண்டு இரண்டு பெண்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட கப்பல் அது. அதில் மனிதர்களும் வண்டிகளும் குதிரைகளும் ஊர்வலமாகப் போகும் கம்பளிப் படநெசவின் துண்டுகள் கிடைத்தன.

அடுத்தது, 'பால்டிஸ்ஹோல்' டேபஸ்ட்ரி. 1879-ல் ஒரு பழைய தேவாலயத்திலிருந்து கிடைத்த இது, ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய டேபஸ்ட்ரிகளில் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களைக் குறிக்கும் இரண்டு உருவங்கள் அதில் உண்டு. ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் குதிரையில் இருக்கிறார்.

17-ம் நூற்றாண்டில் குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்குக் கிராமங்களில் இந்தக் கலை பெரிதாக வளர்ந்தது. பைபிளில் வரும் பத்துக் கன்னியர் உவமை, மூன்று ஞானிகள் வருகை போன்ற காட்சிகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நெய்தார்கள். விசேஷ நாள்களில் சுவரில் மாட்டவும், படுக்கை விரிப்பாகவும் அவை பயன்பட்டன.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கலைக்கு மறுபடியும் உயிர் வந்தது. ஃப்ரிடா ஹான்சென் போன்ற கலைஞர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். டிரொன்ட்ஹைமில் 1893-ல் தொடங்கிய அலங்காரக் கலை அருங்காட்சியகம் தனக்கென ஒரு நெசவுப் பட்டறையே நடத்தியது. அந்தப் பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு: ஓவியர் டிசைன் வரைந்து கொடுப்பார், பெண்கள் அதைப் பார்த்து நெய்வார்கள். பெயர் ஓவியருக்குப் போகும்.

ஹன்னா இந்த வேலைப் பிரிவினையைத் தூக்கிப் போட்டார். யோசிப்பதும் அவர், நெய்வதும் அவர். முழு அளவு மாதிரிப் படம் வரைந்து தறிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவரிடம் கிடையாது. மனதில் இருப்பதை நேராகத் தறியில் ஏற்றினார்.

டேபஸ்ட்ரி என்றால் சாதாரணத் துணியில் படம் போடுவதுதானே?

இல்லை. துணியை முதலில் நெய்துவிட்டுப் பிறகு அதன்மேல் நூலால் படம் போட்டால், அது எம்பிராய்டரி. டேபஸ்ட்ரியில் படமும் துணியும் ஒரே நேரத்தில் உருவாகின்றன.

சிம்பிளாகச் சொன்னால் இப்படி: தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்கே போகும் நூல் ஊடை. சாதாரணத் துணியில் ஊடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை முழுசாகப் போய்த் திரும்பும். டேபஸ்ட்ரியில் ஒவ்வொரு நிறமும் தன் பகுதிக்குள் மட்டும் போய்த் திரும்பும். சிவப்பு முடியும் இடத்தில் நீலம் தொடங்கும். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் நடப்பதும் இதற்குக் கிட்டத்தட்ட உறவுதான். அதை ஒரு முகம், ஒரு கை, ஒரு ரோஜாப் பூ என்று துணி முழுக்கச் செய்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அடித்து நெருக்கிய பிறகு பாவு கண்ணுக்கே தெரியாது. பார்ப்பது எல்லாம் ஊடை. அதனால்தான் ஊடைக் கம்பளியின் தரமும் நிறமும் இவ்வளவு முக்கியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய டேபஸ்ட்ரி நெய்யும்போது முடிந்த பகுதி உருளையில் சுற்றிக்கொண்டே போகும். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை. போட்டோஷாப் போல ஜூம் அவுட் செய்து பார்க்க முடியாது, அன்டூவும் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆட்டிலிருந்து தறி வரை: எத்தனை படி?

கடையில் கலர் ட்யூப் வாங்குவது போல் இல்லை இது. வரிசையாகப் பார்ப்போம்.

1. ரோமம்: செம்மறி ஆட்டிலிருந்து கத்தரிப்பது. நார்வேயின் பழைய நாட்டு இனமான 'ஸ்பெல்சாவ்' ஆட்டுக்கு இரண்டு அடுக்கு ரோமம். வெளியே நீளமாக, பளபளப்பாக, உறுதியாக ஒன்று. உள்ளே மெத்தென்று இன்னொன்று. ஸ்வெட்டருக்கு வெளி ரோமம் குத்தும். ஆனால் படநெசவுக்கு அதுதான் பொருத்தம். தேயாது, சாயம் ஏறினால் மினுமினுக்கும்.

2. நூற்பது: ரோமத்தைக் கழுவி, சிக்கெடுத்து, ராட்டையில் நூலாக முறுக்குவது. கையால் நூற்ற நூல் மில் நூல் மாதிரி ஒரே சீராக இருக்காது. ஓர் இடத்தில் தடிமன், ஓர் இடத்தில் மெலிசு. அதனால் ஒரே நிறம்கூடத் துணியில் லேசாக ஏறி இறங்கித் தெரியும்.

3. சாயம்: செடி, வேர், இலை, பட்டை, பாறையில் படரும் பாசி. வட ஐரோப்பிய முறையில் பிர்ச் மர இலை மஞ்சள் தரும். மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த செடியின் வேர் சிவப்பு தரும். சாயம் ரோமத்தில் ஒட்டிக்கொள்ள முதலில் படிகாரம் போன்ற ஒன்றில் ஊறவைப்பார்கள்.

4. நெய்வது: இவ்வளவும் முடிந்த பிறகுதான் தறி.

இடையில் மாடு கறக்க வேண்டும், சமைக்க வேண்டும், மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மோனாவுக்கு வலிப்பு நோய் இருந்தது. அந்தத் தவிப்பையே பின்னாளில் 'தாயின் இதயம்' (1947) என்ற படைப்பாக ஹன்னா நெய்தார்.

அந்தச் சிறுநீர் விஷயம் உண்மையா?

உண்மைதான். ஹன்னாவின் படைப்புகளில் வரும் ஆழமான நீலத்தின் ரகசியம் அது. 'பானை நீலம்' என்று அதற்குப் பெயர்.

நீலம் வருவது இண்டிகோவிலிருந்து. நம் ஊரில் அவுரி என்போம். அந்தச் செடியிலிருந்து எடுக்கும் சாயம் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதால்தான் 'இண்டிகோ' என்ற பெயரே வந்தது. இதில் ஒரு பிரச்னை, இண்டிகோ தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் போகாது.

அங்கேதான் சிறுநீர் வருகிறது. நாள்பட்ட சிறுநீரில் அம்மோனியா உருவாகும். அந்தக் காரத்தன்மையில், மிதமான சூட்டில், பாக்டீரியாக்கள் நொதிக்கத் தொடங்கும். அப்போது ஆக்சிஜன் குறைந்து, இண்டிகோ கரையக்கூடிய மஞ்சள்-பச்சை வடிவத்துக்கு மாறும். நூலை அதில் முக்கி வெளியே எடுத்தால், காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே பச்சை நீலமாக மாறும். மாறிய பிறகு தண்ணீரில் கரையாது. அதனால் சாயம் எளிதில் போகாது.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் பக்கெட்டைக் காட்டி 'இதில் போய்விட்டு வாருங்கள்' என்று ஹன்னா கேட்பார் என்பது நார்வேயில் பிரபலமான கதை. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஒரு ரசாயனத்தை அவர் இலவசமாகவே சேர்த்துக்கொண்டார்.

சரி, இதில் அரசியல் எங்கே வந்தது?

ஓர்லாந்து ஒதுக்குப்புறமான இடம்தான். ஆனால் செய்தித்தாள் வந்தது. ஹன்னாவும் ஹான்ஸும் இடதுசாரி எண்ணம் கொண்டவர்கள். படித்த செய்தி அவரைத் தூங்கவிடாமல் செய்தால், அது தறிக்குப் போனது.

'கடன் கடலில் மீன்பிடிப்பு' (1933): உலகப் பொருளாதாரப் பெருமந்தக் காலம். கடன் கட்ட முடியாமல் விவசாயிகளும் மீனவர்களும் தவித்தார்கள். ஹன்னா அந்தக் கடனையே ஒரு கடலாக நெய்தார்.

'எத்தியோப்பியா' (1935): அந்த வருடம் அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் வேடிக்கை பார்த்தன. ஹன்னா எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியையும், முசோலினியின் தலையைக் குத்தும் வீரரையும் நெய்தார்.

'கனவுகளின் மரணம்' (1936): ஜெர்மன் பத்திரிகையாளர் கார்ல் வான் ஒசியெட்ஸ்கி, நாஜிகளின் வதைமுகாமில் அடைக்கப்பட்டவர். அவர் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1935-க்கான அந்தப் பரிசு 1936-ல்தான் அறிவிக்கப்பட்டது. அமைதிக்கான நோபல் பரிசை முடிவு செய்வது நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில். அந்தச் சிறைவாசத்தை ஹிட்லர், கோயரிங், கோயபல்ஸ் உருவங்களோடு நெய்தார்.

'லிசெலோட்டெ ஹெர்மன்' (1938): நாஜி எதிர்ப்பில் இருந்த இளம் ஜெர்மன் பெண். சின்னக் குழந்தைக்குத் தாய். 1938 ஜூன் மாதம் பெர்லினில் அவரது தலை துண்டிக்கப்பட்டது. அதே வருடத்தில் ஹன்னா அவரைக் கம்பளியில் கொண்டுவந்தார்.

தேதிகளைக் கவனியுங்கள். இவை எல்லாம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நெய்தவை. ஹிட்லரைப் பற்றி ஐரோப்பாவில் பலர் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்த நேரம்.

இங்கேதான் அந்தப் பழைய பாரம்பரியம் கைகொடுத்தது. ஒரு பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கதையின் ஒரு பகுதியைச் சொல்லும் முறை. தட்டையான, பெரிய கண்களோடு நேராக நிற்கும் உருவங்கள். சுற்றிலும் பூ வேலைப்பாடு. தேவாலயத்திலும் கிராமத்து வீடுகளிலும் பைபிள் கதை சொல்லப் பயன்பட்ட அந்த மொழியில், ஹன்னா அன்றைய செய்தியைச் சொன்னார். கன்னியரும் ஞானிகளும் நின்ற இடத்தில் சர்வாதிகாரிகளும் கைதிகளும் வந்து நின்றார்கள். ஊர் மக்களுக்கு அந்த வடிவம் பழக்கமானது. அதில் இருந்த ஆட்கள்தான் புதியவர்கள்.

ஹிட்லர் படையே வாசலுக்கு வந்தபோது?

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. ஓர்லாந்தின் தட்டையான நிலம் விமானத் தளத்துக்கு வசதியாக இருந்ததால், ஜெர்மானியர்கள் அங்கேயே தளம் கட்டினார்கள். போர்க் கைதிகளை அடித்து வேலை வாங்கினார்கள். ஹிட்லரை நெய்த பெண்ணின் பண்ணைக்குப் பக்கத்திலேயே ஹிட்லரின் ராணுவம். (அந்த ஓர்லாந்து இன்றும் விமானத் தளம்தான். நார்வே விமானப்படையின் எஃப்-35 போர் விமானங்கள் இப்போது நிற்பது அங்கே.)

1942 அக்டோபர் 6-ம் தேதி டிரொன்ட்ஹைம் பகுதியில் ஜெர்மானியர்கள் அவசர நிலை அறிவித்தார்கள். ஊரை மிரட்டுவதற்காக, எந்த விசாரணையும் இல்லாமல், 10 பேரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒருவர் நாடக அரங்க இயக்குநர் ஹென்ரி கிளெடிட்ஷ். அடுத்த வருடமே ஹன்னா '6 அக்டோபர் 1942' என்ற பெயரில் அந்தக் கொலையை நெய்தார். ஆக்கிரமிப்பு இன்னும் முடியவில்லை. அந்தத் துணி யார் கண்ணிலாவது பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1944-ல் ஹான்ஸைக் கைது செய்து கொண்டுபோனார்கள். ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் இருந்த கிரினி முகாமில் அவர் அடைக்கப்பட்டார். போர் முடிந்து உயிரோடு திரும்பினார். 1945-ல் ஹன்னா நெய்த 'கிரினி'யில் முகாமுக்குள் ஓவியம் வரையும் ஹான்ஸ் இருக்கிறார். மகள் மோனா குதிரையில் வருகிறாள்.

கம்பளி என்பதால் என்ன வித்தியாசம்? கேன்வாஸிலும் இதையே வரைந்திருக்கலாமே?

வரைந்திருக்கலாம். ஆனால் ஹன்னாவின் விஷயத்தில் அந்தப் பொருள்தான் அவருக்குச் சுதந்திரம் கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். போர்க்காலத்தில் பெயின்ட், கேன்வாஸ் எல்லாம் கடையில் வாங்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆர்டர் கொடுப்பவர் 'இந்த முகம் வேண்டாம், மாற்று' என்று சொல்லலாம். ஹன்னாவுக்கு ஆடு வீட்டில் இருந்தது, செடி வாசலில் இருந்தது, தறி கணவர் செய்தது. சாயத்துக்கு வேண்டியதை விருந்தாளியே கொடுத்துவிட்டுப் போவார்! இந்த வேலையின் எந்தப் படியிலும் அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தன் டேபஸ்ட்ரிகள் யாரோ ஒரு பணக்காரர் வீட்டுச் சுவருக்குப் போவதையும் அவர் விரும்பவில்லை. எல்லோரும் வந்து பார்க்கும் பொது இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

அதற்காக இந்த வாழ்க்கையை ரொமான்டிசைஸ் செய்ய வேண்டியதும் இல்லை. 'நாமும் நமது விலங்குகளும்' (1934) என்ற அவரது படைப்பைப் பார்த்தால் தெரியும். தன் கையால் வளர்த்த விலங்கையே சாப்பாட்டுக்காகக் கொல்ல வேண்டியிருக்கிற வலி அதில் இருக்கிறது. தற்சார்பு என்ற வார்த்தை அழகாக இருக்கும், அதன் அன்றாடம் அவ்வளவு அழகாக இருக்காது என்பதை அவர் மறைக்கவில்லை.

அப்படியென்றால் ஏன் நமக்கு அவர் பெயர் தெரியவில்லை?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, பொருள். ஐரோப்பியக் கலை உலகம் நெசவை நீண்ட காலம் 'கைவினை' என்ற தட்டில்தான் வைத்திருந்தது. ஓவியமும் சிற்பமும் கலை. நெய்வது, தைப்பது, பின்னுவது எல்லாம் வீட்டு வேலையின் நீட்சி. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் இந்தப் பிரிவினையோடு சேர்ந்தே வந்தது.

இரண்டு, இடம். பாரிஸிலோ பெர்லினிலோ இருந்திருந்தால் விமர்சகர்கள் கண்ணில் பட்டிருப்பார். ஓர்லாந்துக்கு யார் போய்ப் பார்ப்பார்கள்?

மூன்று, போருக்குப் பிறகு வந்த ஃபேஷன். உருவமற்ற நவீன ஓவியம் கொடிகட்டிப் பறந்த காலத்தில், நேரடியாக அரசியல் பேசும் படைப்புகள் கொஞ்சம் பழையதாகத் தெரிந்தன.

ஆனாலும் நார்வே அவரை முழுசாக மறந்துவிடவில்லை. 1964-ல் வெனிஸ் பியனாலேயில் நார்வே சார்பில் அவரது படைப்புகள் இடம்பெற்றன. ஹன்னாவும் ஓயவில்லை. ஹான்ஸ் 1956-ல் இறந்த பிறகு டிரொன்ட்ஹைமுக்குக் குடிபெயர்ந்து அங்கே நெய்தார். 1966-ல், 72 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து 'புல்லில் ரத்தம்' நெய்தார். பச்சைப் பசேல் என்ற பரப்பில் ரத்தச் சிவப்புக் கோடுகள். ஓரத்தில் கவ்பாய் தொப்பியோடு அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன்.

உலகம் அவரை மறுபடி கண்டுபிடித்தது 2012-ல். ஜெர்மனியின் காசெல் நகரத்தில் நடக்கும் புகழ்பெற்ற 'டாக்குமென்டா' கலைக் கண்காட்சியில் அவரது டேபஸ்ட்ரிகள் வைக்கப்பட்டன. யாரை எதிர்த்து நெய்தாரோ, அவர்களின் நாட்டிலேயே! 2015-ல் ஆஸ்லோ, 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டு, 2019-ல் ஃபிராங்க்ஃபர்ட் என்று பெரிய கண்காட்சிகள் தொடர்ந்தன. 2016 முதல் டிரொன்ட்ஹைமில் அவர் பெயரிலேயே மூன்று வருடத்துக்கு ஒருமுறை கலைவிழா நடக்கிறது.

2011 குண்டுவெடிப்பில் என்ன நடந்தது?

1958-ல் ஆஸ்லோவில் அரசுத் தலைமையக உயர் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் நுழைவுக் கூடத்துக்காக ஹன்னா நெய்ததுதான் 'நாம் ஒரு நட்சத்திரத்தில் வாழ்கிறோம்'. சுமார் 4 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். நீல வெளியில் ஓர் ஆணும் பெண்ணும், குழந்தைகள், சுற்றிலும் பிரபஞ்சம். அவரது மற்றப் படைப்புகளோடு ஒப்பிட்டால், கோபம் தணிந்து நம்பிக்கை பேசும் படைப்பு இது.

அதே கட்டடத்தின் உள்ளே பிக்காசோவின் கோட்டோவியங்களை வைத்து கார்ல் நெஷார் செய்த சுவர்ப் படைப்புகளும் உண்டு. 1937-ல் பாரிஸில் வெவ்வேறு அரங்குகளில் இருந்த பெயர்கள், இங்கே ஒரே கூரைக்குக் கீழ்.

2011 ஜூலை 22-ம் தேதி, தீவிர வலதுசாரி பயங்கரவாதி ஒருவர் இந்தக் கட்டடத்துக்கு வெளியே வெடிகுண்டு நிரப்பிய வேனை நிறுத்திவிட்டுப் போனார். குண்டு வெடித்ததில் 8 பேர் இறந்தார்கள். அங்கிருந்து அவர் உடோயா தீவுக்குப் போய், இளைஞர் முகாமில் இருந்த 69 பேரைக் கொன்றார். மொத்தம் 77 உயிர்கள்.

வெடிப்பில் ஹன்னாவின் டேபஸ்ட்ரியும் கிழிந்தது. வலது பக்கக் கீழ்ப் பகுதியில் பெரிய சேதம். பாசிசத்தை எதிர்த்து வாழ்நாள் முழுக்க நெய்தவரின் படைப்பை, அவர் இறந்து 41 வருடம் கழித்து, அதே சித்தாந்தத்தின் வாரிசு ஒருவரின் குண்டு வந்து கிழித்தது.

நிபுணர்கள் அதைச் சுத்தம் செய்து, கிழிந்த இடத்தைத் தைத்தார்கள். அந்தத் தையல் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு தழும்பு மாதிரி. ஓவியமாக இருந்திருந்தால் நிறம் பூசி மூடியிருக்கலாம். துணியில் ஒட்டுப்போட்ட இடம் தெரியத்தான் செய்யும். கிழிந்த துணியைத் தைத்து மறுபடி பயன்படுத்திய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை.

இன்று அவர் ஏன் முக்கியம்?

'உள்ளூர்', 'பாரம்பரியம்' என்ற வார்த்தைகள் இப்போது எல்லா விளம்பரத்திலும் வருகின்றன. கைத்தறி, இயற்கைச் சாயம், ஸ்லோ ஃபேஷன் என்று ரீல்ஸில் தினமும் பார்க்கிறோம். பெரும்பாலும் பழையதின் அழகை விற்பதோடு அது நின்றுவிடுகிறது. சில இடங்களில் இதே 'நம் மண், நம் பாரம்பரியம்' என்ற பேச்சு அடுத்தவரை வெளியே தள்ளுவதற்கும் பயன்படுகிறது. நாஜிகளும் நாட்டுப்புறக் கலையை அப்படித்தான் தூக்கிப் பிடித்தார்கள்.

ஹன்னா அதே மண்ணையும் அதே பாரம்பரியத்தையும் எடுத்துக்கொண்டு, நேர் எதிர்த் திசையில் போனார். ஓர்லாந்து ரோமத்தில் அவர் நெய்தது எத்தியோப்பியரின் கோபத்தை, ஜெர்மன் தாயின் மரணத்தை, வியட்நாமின் ரத்தத்தை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஓர் ஊரின் கலையைக் கற்று, அந்த ஊரின் பொருளை வைத்தே உலகத்தோடு பேசலாம் என்பதற்கு அந்த 100 டேபஸ்ட்ரிகள் சாட்சி.

பார்க்க விரும்பினால்?

அவரது படைப்புகளின் மிகப் பெரிய தொகுப்பு டிரொன்ட்ஹைம் அலங்காரக் கலை அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. 'புல்லில் ரத்தம்' இருப்பது பெர்கன் நகரத்தின் 'கோடெ' அருங்காட்சியகத்தில். ஹன்னாவின் பெயரைத் தேடினால் பல படைப்புகளின் படங்கள் இணையத்திலேயே கிடைக்கும்.

போனில் பார்ப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ்: படத்தை முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள். 'எத்தியோப்பியா'வில் அந்த ஈட்டி முனையைத் தேடுங்கள். பாரிஸில் மறைத்த பகுதி இப்போது மறைக்கப்படாமல், எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.